செல்வகுமாரி போட்ட கிறிஸ்துமஸ் இலை

கல்லறைத் திருநாளன்று மாலை, வில்லியனூரில் மாமனார் மாமியார் கல்லறைக்குச் சாமந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் முடிந்து எல்லோரும் எழுந்து நிற்கும்போதுதான் செல்வகுமாரி அதைச் சொன்னாள். இந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு நாங்கள் வில்லியனூர் வரவில்லை, எங்கள் வீட்டிலேயே செய்கிறோம், நீங்கள் கிருமாம்பாக்கத்துக்கு வாருங்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. மத்தியானம் கறி கிடையாது, காய்கறிச் சாப்பாடுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அவள் கணவன் எத்துவார், மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் கையைக் குவித்துப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் லூர்துநாதன் காதில் விழாதவர்போல நின்றார். அண்ணி ஜெசிந்தாதான் வாயைத் திறந்தாள்.

"இன்னா செல்வி, கிறிஸ்துமசா, இல்ல கருமாதியா?"

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வகுமாரி சிரிக்கவில்லை.

"கிறிஸ்துமஸ்தாங்கா. பன்னண்டு மணிக்கு இலை போட்ருவேன். வாங்க."

செல்வகுமாரிக்கு முப்பத்தைந்து வயது. பாகூர்ப் பக்கம் சேலியமேட்டில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் பிறந்தவள். அப்பா சாமிநாதன், அம்மா விஜயகுமாரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷமே வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போவேன் என்று நின்றாள். அப்பா முடியாது என்றார். மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் அவரே அவளைக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். ஒன்றை நினைத்துவிட்டால் அவள் சத்தம் போடமாட்டாள், அழமாட்டாள், ஆனால் நகரவும் மாட்டாள். அந்த வீட்டுக்கு அது தெரியும்.

பேக்கிங்கில் அவள் நின்ற இடத்துக்கும் லோடு ஏற்றுகிற கதவுக்கும் பத்தடிதான். அங்கே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் எத்துவார். வில்லியனூர்க்காரன், மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் வீடு. இரண்டு வருஷம் பேசிப் பழகி, ஒரு வருஷம் இரண்டு வீட்டிலும் போராடி, கடைசியில் அவள் ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலில் கல்யாணம் நடந்தது. சாமிநாதன் வந்தார். மாலை மாற்றும்வரை பின்வரிசையில் நின்றார். பிறகு மகள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எத்துவார் இப்போது சொந்தமாகக் குட்டியானை வண்டி ஓட்டுகிறான். அவள் அதே கம்பெனியில் அதே பேக்கிங்கில் இருக்கிறாள். பத்து வயதில் பிரியதர்ஷினி என்று ஒரு மகள்.

கல்யாணமான வருஷம் வந்த முதல் கிறிஸ்துமசில்தான் எல்லாம் கெட்டது.

சாமிநாதன் தன் ஊர் மார்கழி பஜனைக் குழுவில் ஜால்ரா தட்டுகிறவர். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் குளித்து, தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு வருவார். அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் எந்த வருஷமானாலும் மார்கழிக்குள்தான் விழும். இதை வில்லியனூரில் யாரும் யோசிக்கவில்லை. புதுச் சம்பந்தி வருகிறார் என்று ஜெசிந்தா பெரிய டேக்சாவில் மட்டன் பிரியாணி செய்தாள். சாமிநாதன் கறி சாப்பிடமாட்டார் என்று பந்தி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் என்ன என்று, அதே டேக்சாவிலிருந்து ஒரு துண்டுகூட வராமல் பார்த்துப் பார்த்துக் குஸ்காவாக அள்ளி அவர் இலையில் போட்டாள். அவள் மனசறிந்து அது மரியாதைதான். கறித்துண்டை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று அவள் நினைத்தாள்.

சாமிநாதன் ஒரு வாய் அள்ளி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே இலையில் வைத்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து, கைகூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். விஜயகுமாரி பின்னால் ஓடினாள்.

அவர் எழுந்துபோனதை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். நம் கையால் சாப்பிட மாட்டாராம், அவ்வளவு பெரிய மனுஷராம் என்று பேச்சு வந்தது. சேலியமேட்டில், வேண்டுமென்றே கறிச் சோற்றைப் போட்டு அவமானப்படுத்தினார்கள் என்று பேச்சு வந்தது. பதினோரு வருஷமாக இரண்டு பேச்சும் அப்படியே இருந்தன.

அந்தப் பதினோரு கிறிஸ்துமசும் செல்வகுமாரி வில்லியனூர்ச் சமையலறையில் இருந்தாள். வெங்காயம் உரித்தாள், அதிரசம் தட்டினாள், கடைசிப் பந்தியில் சாப்பிட்டாள். கேக் வெட்டுவது லூர்துநாதன். பாட்டு எதுவென்று சொல்வது ஜெசிந்தா. மறுநாள் ஒரு பையில் பலகாரத்தைப் போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு சேலியமேட்டுக்குப் போவாள். பலகாரத்தை அம்மா வாங்கி உள்ளே வைப்பாள். அப்பா அந்தப் பையைப் பார்க்கவே மாட்டார். போன வருஷம் பிரியதர்ஷினி கேட்டாள், நமக்கு மட்டும் ஏன் கிறிஸ்துமஸ் ரெண்டு நாள், ரெண்டு நாளும் அரைகுறையா என்று. 

இந்த வருஷம் கிருமாம்பாக்கத்தில் அவர்கள் கட்டிய வீடு முடிந்தது. கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி நான்காவது மனை. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. குடிபுகுந்த அன்றே அவள் தீர்மானித்துவிட்டாள். இந்தக் கூடத்தில் கிறிஸ்துமஸ் அன்று தன் அப்பாவும் தன் கணவனின் அண்ணனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மட்டும் அல்ல, இனிமேல் எப்போதும் இந்த வீட்டின் கிறிஸ்துமஸ் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எத்துவாருக்குப் பயமாக இருந்தது. பிரியாணி இல்லாத கிறிஸ்துமசை அவன் பார்த்ததே இல்லை. காய்கறி பிரியாணி செய்துவிடலாமே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்குமே என்று நாலு நாள் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அந்தப் பேரே வேணாங்க," என்றாள் செல்வகுமாரி. "அந்த வாசன வந்தாலே எங்கப்பா எழுந்துடுவாரு. சோறு, மொச்ச போட்ட கத்திரிக்காக் கொழம்பு, பரங்கிக்கா கூட்டு, வடை, பாயசம். உங்களுக்குக் கறி வேணும்னா ராத்திரிக்கு நானே ஆக்கித் தரேன். மத்தியானம் என்னுது."

சேலியமேட்டில் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாமிநாதன் கட்டிலில் உட்கார்ந்து, கரும்பு வெட்டுக் கூலி ஆட்கள் வராததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவள் மூன்று முறை சொன்ன பிறகு, அவங்களும் வராங்களா என்று மட்டும் கேட்டார். கூப்பிட்டிருக்கிறேன் என்றாள். அப்ப நான் எதுக்கு என்றார். உங்களையும்தான் கூப்பிடுகிறேன் என்றாள்.

"யாரு வராங்க, யாரு வரலன்னு பாத்துக்கினு இருக்கப் போறதில்லப்பா. ஏழு இலை போடுவேன். ஆள் வரலன்னாலும் அந்த இலை அங்கயே இருக்கும்."

விஜயகுமாரி எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். மகள் கிளம்பும்போது ஒரு முழு பரங்கிக்காயைத் தூக்கி அவள் வண்டியில் வைத்துக் கட்டினாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமலே செல்வகுமாரி வீடு வந்து சேர்ந்தாள்.

மார்கழி பிறந்தது. அவள் கம்பெனி பஸ்ஸுக்குப் போவதற்கு முன் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பரங்கிப் பூ செருகி வைத்தாள். பாகூர்ப் பக்கத்துப் பெண் அதை விடமாட்டாள். கோலத்துக்கு நேர் மேலே எத்துவார் ஸ்டார் கட்டினான். மூலைக் கடை ரஷீத் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்து, தங்கச்சி வூட்ல மட்டும் மாசம் ரெண்டா பொறந்திருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் குடிலை மகளோடு சேர்ந்து செய்தாள். வில்லியனூரில் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைப் புல்லாகத் தூவுவார்கள். இவள் விதை நெல்லை ஊறவைத்து, ஒரு தட்டில் மண் பரப்பி, நாற்று விடுவதுபோல நெருக்கமாகத் தூவினாள். பத்து நாளில் விரல் நீளத்துக்கு எழுந்து நின்றது. அதற்கு நடுவில் ஆட்டையும் இடையனையும் வைத்தபோது ஆட்டின் காது மட்டும்தான் தெரிந்தது. பிரியதர்ஷினி கத்தரிக்கோலால் ஒரு பக்கம் வெட்டி, ஆடு மேய்ந்த மாதிரி செய்தாள். சமையலுக்கென்று செல்வகுமாரி புதுப் பாத்திரம் வாங்கினாள், புதுக் கரண்டி வாங்கினாள். கறி ஆக்கிய பாத்திரம் எதுவும் அன்று அடுப்பில் ஏறாது. எண்ணெய்கூடப் புதுசாக ஒரு பாக்கெட். கேக்குக்கு ரோட்டோர பேக்கரியில் சொல்லி வைத்தாள். பிளம்ஸ் நிறைய போட்டு, மேலே க்ரீம் வைத்து, மகள் பேர் எழுதித் தரச் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தாள். பதினொன்றே காலுக்கு வாசலில் டிவிஎஸ் வண்டியின் சத்தம் கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த விஜயகுமாரி இறங்க, சாமிநாதன் நெற்றியில் நாமத்தோடு இறங்கினார். ஸ்டாரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். குடிலுக்கு முன்னால் குனிந்து, நாற்றை விரலால் தடவி, இது இன்னா நெல்லு என்று பேத்தியைக் கேட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லூர்துநாதனும் ஜெசிந்தாவும் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள், அதனால் இரண்டு பேர்தான். ஜெசிந்தா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எத்துவார் நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டான். கடைசியில் லூர்துநாதன், உங்க பக்கம் மழ எப்டிங்க என்றார். சாமிநாதன், பெஞ்சுது என்றார். அதற்கு மேல் அது போகவில்லை.

முதலில் கேக் வெட்டிவிடலாம் என்றாள் செல்வகுமாரி. பிரியதர்ஷினி வெட்டினாள். இந்த வீட்டில் கேக் வெட்டுவது பிள்ளைதான் என்று செல்வகுமாரி முன்பே சொல்லி வைத்திருந்தாள். முதல் துண்டைத் தன் கையால் எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். சாமிநாதன் ஒரு நொடி தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். அவர் கை வாய்க்குப் போகும் நேரத்தில் ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"செல்வி, இரு. அது முட்ட போட்டதா, போடாததா?"

செல்வகுமாரி கேக்கைத் திரும்பிப் பார்த்தாள். பாத்திரத்தை மாற்றினாள், கரண்டியை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். கேக்கை மட்டும் யோசிக்கவே இல்லை. பதினோரு வருஷம் அது வில்லியனூர் வீட்டுச் சாமானாகவே இருந்ததால், அதை அப்பா சாப்பிடுகிற பண்டமாக அவள் மனசு சேர்க்கவே இல்லை. பேக்கரிக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்கழியில் முட்டை கூடாது என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள், அதே மார்கழியில், தன் கையாலேயே எடுத்து நீட்டியிருக்கிறாள்.

போடாததுதான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்பா சாப்பிட்டுவிடுவார், ஜெசிந்தா வாயை மூடிக்கொள்வாள், இலை போட்டுவிடலாம். இவ்வளவு நாள் கட்டியது நிற்கும். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முட்ட போட்டதுதாம்பா," என்றாள். "நான்தான் கேக்காம வாங்கிட்டேன். சாப்புடாதீங்க."

சாமிநாதன் துண்டைத் தட்டில் வைத்தார். எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. எத்துவார் பின்னாலேயே போக எழுந்தான். செல்வகுமாரி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தால் அது இந்த வீட்டுப் பழக்கமாகிவிடும், அது வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

விஜயகுமாரி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"வண்டி சாவி என் பையில கீது," என்றாள். "எங்க பூடுவாரு?"

வெளியே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் சாமிநாதன், விரலில் ஒட்டிய க்ரீமைக் கழுவி, கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முன்பு உட்கார்ந்த நாற்காலிக்குப் போகவில்லை. பாய் விரித்திருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜெசிந்தாவை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கும் நீ இப்டி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா."

"அன்னிக்குத் தெரியாதுப்பா," என்றாள் ஜெசிந்தா. "கறிப் பீஸ எடுத்துட்டா ஆச்சுன்னு நெனச்சேன். நீங்களும்தான் ஒரு வார்த்த சொல்லல. எழுந்து போனீங்க. எங்க கையால சாப்புட மாட்டேன்றாருன்னு நாங்க நெனச்சிக்கினோம். அன்னியிலேந்து யாரு வந்தாலும் கேட்டுட்டுதான் இலையில போடறேன்."

"அப்டியெல்லாம் இல்லம்மா," என்றார் சாமிநாதன். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்தை ஜெசிந்தா கவனித்தாள். செல்வகுமாரியும் கவனித்தாள். பிறகு அவர், சொல்லியிருக்கலாம்தான் என்றார்.

அதற்கு மேல் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. லூர்துநாதன் நாற்காலியிலிருந்து இறங்கி, சாமிநாதனுக்குப் பக்கத்தில் இடம் விடாமல் வந்து உட்கார்ந்தார். செல்வகுமாரி இலை போட்டாள். ஏழு இலை. அவசரத்தில் முதல் இலையில் தெளித்த தண்ணீர் அப்பா மடியில் விழுந்தது.

ஜெசிந்தா சும்மா இருக்கவில்லை. குழம்பில் உப்புக் குறைச்சல் என்றாள், வடைக்கு மாவு இன்னும் ஆட்டியிருக்க வேண்டும் என்றாள். சொல்லிக்கொண்டே நாலு வடை சாப்பிட்டாள். லூர்துநாதன் மூன்று முறை சோறு வாங்கினார். வீட்டில் ராத்திரிக்கு மட்டன் எடுத்து வைத்திருப்பதாக எத்துவாரிடம் அவர் மெதுவாகச் சொன்னது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. சாமிநாதன்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். மழையைப் பற்றி ஆரம்பித்து நின்ற பேச்சு, பாயசம் வரும்போது கரும்பு வெட்டு, கூலி, வில்லியனூரில் மனை விலை என்று எங்கெங்கோ போயிருந்தது.

கிளம்பும்போது ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த வருஷம் கேக்கு நான் வாங்கியாரேன், எனக்குத்தான் கேட்டு வாங்கத் தெரியும் என்றாள். செல்வகுமாரியைத் தவிர யாராக இருந்தாலும் அதற்குச் சரி என்று சொல்லியிருப்பார்கள்.

"கேக்கு என்னுதுக்கா. நீங்க பாயசம் செஞ்சிக் கொண்டாங்க. உங்க பாயசம்தான் நல்லா இருக்கும்."

"புது வூடு வந்ததும் வாயும் வந்துடுச்சி," என்றாள் ஜெசிந்தா. ஆனால் எந்தப் பாத்திரத்தில் கொண்டுவருவது, புதுசா வாங்கவா என்று வண்டியில் ஏறும்போது கேட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செல்வகுமாரி வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பேக்கரிக்குப் போனாள். முட்டை போடாமல் பிளம் கேக் செய்து தர முடியுமா என்று கேட்டாள். பேக்கரிக்காரன், எக்லெஸ் யாரும் கேக்கறதில்லக்கா, அடுத்த டிசம்பர்ல சொல்லுங்க, பாத்துக்கலாம் என்றான். அடுத்த டிசம்பரில் முதல் தடவையாகச் செய்து சொதப்பினால் என்ன செய்வது, இப்போதே ஒன்று செய்து பார் என்றாள். அவன் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். அவள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள். மற்ற ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவன் ஒரு காகிதத்தை எடுத்து அளவைக் குறித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரைக் கிலோ கேக்கைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு சேலியமேட்டுக்குப் போனாள். சாமிநாதன் அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். விஜயகுமாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்தூளு மாதிரி கீதும்மா," என்றார். ஆனாலும் மீதித் துண்டையும் சாப்பிட்டு முடித்தார்.

செல்வகுமாரி பெட்டியை மூடினாள். தயிர் சேர்க்கச் சொல்லிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வாழைப்பழம் மசித்துப் போடச் சொல்லலாம் என்று யோசித்தபடி வண்டியை எடுத்தாள். மார்கழியில் இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சம் இருந்தன.